கன்டெய்னர் விழுந்த தூரம்

எபனேசருக்கு இருபதடி தள்ளி ஒரு கன்டெய்னர் விழுந்தது. இது சபை வாலிபர் கூட்டத்தில் அவன் முதலில் சொன்ன சாட்சி. அடுத்த கூட்டத்தில் தூரம் பத்தடியானது. மாப்பிள்ளையூரணி வீட்டு ஜெபத்தில் சொன்னபோது, விழுந்த வேகத்தில் அவன் சட்டைக் காலரே பறந்தது.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு யார்டில் கன்டெய்னர்களின் சீல் நம்பரைச் சரிபார்ப்பது அவன் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்கிய ஊரில் மகன் பேனாவோடு நிற்பதே வீட்டாருக்குப் போதுமான அற்புதமாக இருந்தது. அவனுக்குப் போதவில்லை. போதகராக ஊழியத்துக்குப் போக வேண்டும். இறையியல் கல்லூரியில் சேர சபையை நடத்தும் சேகரக் கமிட்டியின் பரிந்துரை வேண்டும்.

பொய் சொல்வதாக அவன் நினைக்கவில்லை. கன்டெய்னர் விழுந்தது நிஜம். அவன் சாகாததும் நிஜம். இடையிலிருந்த தூரத்தைத்தான் கர்த்தருடைய மகிமைக்காகக் கொஞ்சம் குறைத்திருந்தான்.

கோயில் அசன விருந்துக்கு டிரெய்லர் டிரைவர் செல்லப்பாண்டியையும் அழைத்திருந்தான். ஒரு ஆத்துமாவைக் கூட்டி வந்த திருப்தி அவனுக்கு. கறிச்சோறு உண்டென்ற திருப்தி அவருக்கு. அன்றைய ஆராதனையில் எபனேசர் சாட்சி சொன்னான். தூரம் இரண்டடி. கமிட்டியில் இருக்கும் ஜெபசுதா டீச்சர் இரண்டாவது முறையாக முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பந்தியில் செல்லப்பாண்டி சொன்னார்: "ஏலே, நல்லாச் சொன்ன. எனக்கே புல்லரிச்சிட்டு. ஆனா அந்தப் பெட்டி விழும்போது நீ என் பக்கத்துலல்லா நின்ன? சீனித்தாய் டீக்கடையில."

"மெதுவா அண்ணாச்சி."

"ரெண்டாவது வடைக்குச் சட்னி கேட்டுக்கிட்டு நின்ன. சத்தம் கேட்டு வடையோடல்லா ஓடுன."

"கேக்கவங்க விசுவாசத்துல பெலப்படணும்லா அண்ணாச்சி."

"எங்க ஊர்லயும் கதை சொல்லுதவன் கூட்டித்தான் சொல்லுவான். ஆனா அவன் செத்துப்போன ராசா கதையச் சொல்லுதான். நீ உன் கதையச் சொல்லுத. எப்பா, இங்கன கொஞ்சம் குழம்பு ஊத்து."

அவர் கண்டிக்கவில்லை. குழம்புக்காகத்தான் காத்திருந்தார். எபனேசர் பாதிச் சோற்றோடு இலையை மூடினான்.

அந்த வாரம் முழங்காலில் நின்று, என்னை ஆராய்ந்து பாரும் என்று ஜெபித்தான். குரல் நன்றாக உடைந்தது. உடைந்த குரல் நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. போதகராகிய ஐயர், பால்துரை அண்ணாச்சி, ஜெபசுதா டீச்சர். பால்துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அந்தச் சாட்சியச் சொல்லுங்க தம்பி. இதக் கேட்டுட்டுக் கையெழுத்தப் போட்டுருவோம்."

"கன்டெய்னர் விழுந்தது அண்ணாச்சி. நான் அங்கன இல்ல. டீக்கடையில வடை தின்னுக்கிட்டு இருந்தேன்."

பால்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் ரெண்டு தடவ அழுதேனே?" என்றார் டீச்சர்.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

ஐயர் படிவத்தை மூடினார். "பின்ன எதுக்குப்பா ஊழியத்துக்கு வார?"

"நான் பேசும்போது எல்லாரும் என்னையே பாக்காங்க ஐயா. அது பிடிச்சிருக்கு. அது போக உள்ள வேற ஏதும் இருக்கான்னு எனக்கே தெரியல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால்துரை பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"இந்த வருஷம் வேண்டாம்," என்றார் ஐயர். "தெரிஞ்ச பெறவு வா."

வெளியே வெயில் கொளுத்தியது. எபனேசருக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது. பரிந்துரை போனாலும் உண்மையைச் சொல்லிவிட்டான். யோசித்துப் பார்த்தால், கன்டெய்னரைவிட இதுவே நல்ல சாட்சி. வாலிபர் கூட்டத்தில் சொன்னால் ஒருத்தர்கூட அசையமாட்டார். பைக்கை நெருங்குவதற்குள் அந்தச் சாட்சியில் ஐயர் எழுந்து அவனைத் தழுவிவிட்டார். டீச்சர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

சாவியைப் போடப் போனவன் நின்றான்.

"அழல. கண்ணாடியத் தொடச்சாங்க," என்று வாய்விட்டே சொன்னான். "ஐயர் எந்திரிக்கவே இல்ல."

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்ப்பது தெரிந்ததும் எபனேசர் வாயை மூடிக்கொண்டு பைக்கை உதைத்தான்.