நடுக்கடலில் ஒரு புள்ளி

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போன மகள், லீவுக்குப் பக்கத்து நாட்டைப் பார்க்க ரயிலில் போவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி, ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர் பார்க்கும்படி அவள் வைத்துக் கொடுத்திருந்த போன் மேப்பில் அவளைத் தேடினேன். அவளுடைய புள்ளி நடுக்கடலில் நின்றது. கூப்பிட்டால் கால் போகவே இல்லை.

கண்டக்டரிடம் கத்தி பஸ்ஸை நிறுத்தி, பாதி வழியில் இறங்கி, ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

வெகுநேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"எம்மா, இத்தன மிஸ்டு கால்! மேப்புல பாத்தா நீ நடுரோட்டுல நிக்க. பஸ்ஸு எங்கயும் மோதிருச்சா?"

"ஏட்டி, நீதான கடல்ல..."

"ரயில விட்டுட்டேன்மா, கப்பல்ல வந்தேன். சிக்னல் இல்ல. ஒனக்கு ஒண்ணுமில்லேல்ல?"

ஒன்றுமில்லை என்றேன். அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். பயப்படுவது என் வேலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்காகப் பயப்பட அங்கே ஒருத்தி தனியாக இருக்கிறாள்.