ஜவுளி எடுக்கப் போன வேம்பு

வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே வேம்புவின் வாய்க்கோ கைக்கோ தப்பிய ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நடவு வயலில் குனிந்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் இடுப்பில் கை வைத்த டிராக்டர்காரனைச் சேற்றில் தள்ளி, மூஞ்சியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்ற பெண்கள் ஓடிவந்து இழுத்த பிறகுதான் விட்டாள். வயலுக்கு முறை வைத்து விடும் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திருப்பிக்கொண்டவனை மண்வெட்டிக் காம்பால் விளாசிவிட்டு, மடையைத் தானே வெட்டித் திறந்துவிட்டு வந்தாள். நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசைக்குள் புகுந்த ஒருவனுக்கு ஒரு அறை விட்டாள் பாருங்கள், இன்றைக்கும் அவன் தூரத்தில் அவளைக் கண்டால் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். ஒல்லியான உடம்புதான். ஆனால் வருஷக்கணக்காக நாற்றுப் பறித்த கை. "வேம்பு அக்கா வருதா? அப்ப நாங்களும் வர்றோம்" என்று வெளியூர் நடவுக்குப் பெண்கள் தைரியமாக வேன் ஏறுவார்கள்.

அவள் புருஷன் இராஜாங்கம் இதற்கு நேர்மாறு. வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலை. வெளுத்த வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவான். யார் வந்து சண்டை பிடித்தாலும் சிரித்துக்கொண்டே, "விடுங்க, பேசிக்கலாம்" என்பான். "தங்கமான மனுஷன். இந்தப் பஜாரிகிட்ட மாட்டிக்கிட்டாரே" என்று ஊரே அவனுக்காக உச்சுக்கொட்டியது.

ஊருக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி! கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அந்தத் தங்கம் என்ன செய்யும் என்று வேம்புவின் விலா எலும்புகளைத்தான் கேட்க வேண்டும். இடது கையால் கொண்டையைச் சுற்றிப் பிடிப்பான். வலது முஷ்டியை விலாவில் இறக்குவான், புடவை மறைக்கிற இடமாகப் பார்த்து. சத்தம் போட்டால் இன்னும் இரண்டு. குழம்பில் உப்பு கூடினாலும் அடி, ஷட்டரில் எவனாவது அவனைத் திட்டினாலும் அதற்கும் அடி இவளுக்குத்தான். வயிற்றில் இருந்த ஒரு பிள்ளை அப்படித்தான் போனது. வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டதாக அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

சில நாள் அவன் கை தவறிவிடும். கண் வீங்கும், உதடு கிழியும். அப்படிப்பட்ட மறுநாள் காலையில் வேம்பு சண்டைக்கு ஆள் தேடிக்கொண்டு புறப்படுவாள். ஆள் கிடைக்காவிட்டால் உண்டாக்குவாள். குழாயடியில் எவள் குடத்தையாவது எட்டி உதைப்பாள், கைகலப்பு வரும், நாலு கொடுத்து இரண்டு வாங்குவாள். அவ்வளவுதான், வீங்கிய கண்ணுக்குக் காரணம் காட்ட ஒருத்தி கிடைத்துவிட்டாள். எத்தனை பேர் செய்யாத குற்றத்துக்கு அவளிடம் அடி வாங்கினார்களோ, பாவம்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். அடிக்கிறவள் என்ற பேர் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. வீட்டில் அடி வாங்குகிறவள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் நடவு வயலில் எவன் பயப்படுவான்? அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி முழிப்பது? நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அதனால் வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகளிடம்கூட.

மகள் சுடர்விழி தூங்கிய பிறகுதான் அடி விழும், அதுவும் சத்தமில்லாமல். அதனால் அவள் ஊர் நம்பியதையே நம்பி வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் "சண்டைக்காரி மவ" என்று கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் மடியில் படுத்துக்கொண்டு அழுவாள். அப்பா தலையைத் தடவிக் கொடுப்பார். அம்மாவைப் போல ஆகிவிடவே கூடாது, அப்பாவைப் போலப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று அவள் சின்ன வயதிலேயே முடிவு செய்துகொண்டாள். படித்தாள், கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சென்னையில் வேலை பார்க்கும் சேரனை அவளுக்கு நிச்சயம் செய்தார்கள். தையில் கல்யாணம்.

ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் கும்பகோணம் போனார்கள். கீழ்த்தளத்தில் முகூர்த்தப் பட்டு. அது மாப்பிள்ளை வீட்டு இஷ்டம், சேரனின் அம்மா ஜெயபாரதி அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். சாயங்கால ரிசப்ஷனுக்கு மாற்றிக்கொள்ளும் உடுப்பு மட்டும் பெண்ணின் இஷ்டம் என்று நிச்சயத்தன்றே பேசியிருந்தது. சுடர்விழி மாதக்கணக்கில் போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு திரிந்தாள். மயில்கழுத்து நிறத்தில் லெஹங்கா, கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். ராத்திரி சாப்பாட்டின்போது அதை அம்மாவிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். அம்மாவும் மகளும் ஒன்றாகச் சந்தோஷப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

மேல்தளத்தில் விற்பனைப் பெண் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்துவந்தாள். சுடர்விழி அதை உடம்போடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என் கண்ணே பட்டுரும் போலிருக்குடி" என்றாள் வேம்பு.

"சுடர், ஒரு நிமிஷம் இப்படி வா" என்று சேரன் கூப்பிட்டான். கவுன்கள் தொங்கிய வரிசைக்குப் பின்னால் இருவரும் போனார்கள். திரும்பி வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது வேண்டாம். முழுக்கை வச்சதா காட்டுங்க" என்றாள்.

வேம்பு வாயைத் திறப்பதற்குள் சுடர்விழி அந்த விற்பனைப் பெண்ணின் மேல் பாய்ந்தாள். "என்னங்க இப்படிப் புடிச்சு இழுக்கறீங்க? துணி போட்டுப் பார்க்கச் சொன்னா கையையா பிய்க்கிறது? பாருங்க, எப்படிச் செவந்து போச்சுன்னு!" மாடி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். அந்தப் பெண், "நான் உங்க கையத் தொடவே இல்லையேக்கா" என்று முழித்தாள், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் அப்துல் ஜலீல் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார்.

வேம்பு மகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பிள்ளை குரலை உயர்த்தியே கேட்டதில்லையே! ஒரு பாவமும் அறியாதவள் மேல் எதற்கு இப்படி விழுகிறாள்? எதற்கென்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் வேம்புவுக்குத் தெரியும். குழாயடியில் அவள் செய்தது இதைத்தானே.

முழுக்கை கவுன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, மகளை உடைமாற்றும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சுடிதார் கையை மேலே சுருட்டினாள். நாலு விரல் பதிந்திருந்தது, உள்பக்கம் கட்டைவிரல். அதற்குக் கொஞ்சம் மேலே பழைய அடி ஒன்று மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது.

"யாருடி?"

"அந்தப் பொண்ணு இழுத்ததும்மா."

"என்கிட்டயே சொல்றியா? இது இழுத்த கை இல்ல, முறுக்குன கை. அந்த மஞ்சளா இருக்கறது எப்ப?"

சுடர்விழி சுவரைப் பார்த்தாள். "சத்தம் போடாதம்மா. இப்ப, கை தெரியற மாதிரி வேண்டாம்னாங்க, ஏன்னு கேட்டுட்டேன். அது போன வாரம், அவங்க லேபுக்கு வந்திருந்தாங்க. போனை எடுக்கலன்னு கோவம். கோவம் வந்தா அப்படித்தான், அப்புறம் அவங்களே சாரி சொல்லுவாங்க. நான் பொறுத்துப்பேன். அப்பா பொறுத்துக்கலயா உன்ன? உன்ன மாதிரி தெருவுல நின்னு அடிச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த எனக்கு வராதும்மா."

செருப்பால் அடித்திருந்தால்கூட வேம்புவுக்கு அப்படி வலித்திருக்காது.  வழக்கம்போல அவளுக்குக் கைதான் முன்னால் வந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தவள் நேரே சேரனிடம் போனாள். "என்ன அத்தை, பிடிச்சிருக்கா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்தது. அவன் நிமிர்வதற்குள் அடுத்த கன்னத்தில். அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் துணி தொங்கிய இரும்பு வரிசையோடு சேர்ந்து சாய்ந்து, எழுந்து, பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் தூக்கி அவன் முட்டியில் ஓங்கி அடித்தாள். "ஐயோ!" என்று ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அவன் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"கொல்றாளே! ரவுடிப் பொம்பள வீட்லயா பொண்ணு எடுத்தோம்!" என்று ஜெயபாரதி மாரில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டூல் மறுபடி உயர்ந்தபோது குறுக்கே வந்து நின்றது சுடர்விழி. சேரனைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "போதும்மா! நீ தொட்டதெல்லாம் அடிதானா? அவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. இல்லன்னா என் கல்யாணத்துக்கே நீ வர வேண்டாம்."

ஸ்டூல் தானாகக் கீழே இறங்கியது. இவள் இவனைத்தான் கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலமெல்லாம் வாங்குவாள். ஏனென்றால் அப்பா நல்லவர், அம்மா பஜாரி. அந்தப் பொய்யை ஊட்டி வளர்த்தது யார்? நான்தானே, நான்தானே என்று வேம்புவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இராஜாங்கம் மெதுவாக நடந்து வந்தான். எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. அவளுக்கு ரத்தக்கொதிப்பு. வா வேம்பு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய்! அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவள் விலாவுக்குத் தெரியும்.

"வீட்டுக்கு வேண்டாம். இங்கயே பேசு" என்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை நீ என்று அவள் சொன்னதில்லை. "எப்பவும் கதவச் சாத்திட்டுத்தானே அடிப்ப? இன்னைக்கு வெளிச்சத்துல அடி. உன் மவ பாக்கட்டும்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. எல்லாரும் பாக்குறாங்க" என்று அவன் சிரித்தான்.

சொல்லிப் புரியவைக்க முடியாது. சண்டைக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் கையை நீட்டி அவன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அத்தனை பேர் முன்னாலும் அதில் காறித் துப்பி, அவன் காலடியில் போட்டாள்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. இடது கை போய்க் கொண்டையைச் சுற்றியது, வலது முஷ்டி விலாவில் இறங்கியது. ஒன்று, இன்னொன்று, அதே இடத்தில். அவள் வாயைத் திறந்ததும், "சத்தம் வரக்கூடாது" என்று பல்லைக் கடித்தபடி அவள் முகத்தைத் துணி விரிக்கும் மேசையின் விளிம்பில் இடித்தான். தடுமாற்றமே இல்லை. அவசரத்தில் அடிக்கிறவன் அப்படி அடிக்க மாட்டான். பழகிய கை அது, சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

கடை ஆட்கள் இழுத்துப் பிரித்தபோது வேம்பு துணிக்குவியலில் கிடந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். பேர் போய்விட்டது, பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும், எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவள் மகளின் முகத்தைத் தேடினாள்.

"பாத்தியாடி?"

சுடர்விழி அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  எத்தனை காலைகள், எத்தனை வீங்கிய கண்கள் அவளுக்கு ஞாபகம் வந்தனவோ. "குழாயடிச் சண்டை எல்லாம்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

அப்துல் ஜலீல் நல்ல மனுஷர். குடும்ப மானம் போகக் கூடாதென்று தண்ணீர் பாட்டிலோடு வந்து, கூடிய கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அம்மா கால் வழுக்கி விழுந்துட்டாங்க. எல்லாரும் போங்க" என்றார்.

"வழுக்கல" என்றாள் சுடர்விழி. "எங்கப்பா அடிச்சாரு."

அது எல்லோருக்கும் கேட்டது. சேரன், "சுடர், வா இங்க" என்று நொண்டிக்கொண்டே கையைப் பிடிக்க வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள். சுடிதார் கையைத் தோள்வரை சுருட்டி, கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "இது இவரு முறுக்குனது. போன வாரமும் முறுக்குனாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

 ஜெயபாரதி மகனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இராஜாங்கம் துண்டைப் பொறுக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

சுடர்விழி அந்த விற்பனைப் பெண்ணிடம் போனாள். "நீ என் கையத் தொடவே இல்ல. நான்தான் உன் மேல பொய்ப்பழி போட்டேன். மன்னிச்சுக்க பாப்பா" என்றாள்.

அதைக் கேட்டதும் வேம்பு உடைந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை அடித்தாள், ஒருத்தியிடமாவது இதைச் சொன்னாளா? அத்தனை அடிக்கும் அழாதவள் தலையில் அடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வெட்கமில்லாமல் அழுதாள்.

சுடர்விழி அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினாள். "நடக்க முடியுமாம்மா?"

"எங்கடி போறது?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு. எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்."

வேம்பு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்றேன்" என்றாள்.