ஷாதிபூர் வீட்டின் மேல் மூன்று புள்ளிகள்

எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பார். காய்ச்சல் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதுதான் என் பிழைப்பு.

இருக்கும் இடமும் அங்குள்ள மண்ணும் தண்ணீரும் மனிதர்களை எப்படி நோயில் தள்ளுகின்றன என்று பார்க்கிற ஒரு சின்ன ஆய்வுக் குழுவில், போர்ட் பிளேயரில், பல வருஷமாகக் கள வேலை செய்கிறேன். வீடு வீடாகக் கதவு தட்டுகிற எல்லோரும், சென்சஸ் எடுப்பவர்கள், மீட்டர் பார்ப்பவர்கள் எல்லோருமே, எனக்குக் கூடப் பிறந்தவர்கள்தான். உள்ளே இருந்துகொண்டே "வீட்ல யாரும் இல்ல" என்று குரல் கொடுப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் புலம்பலுக்கு முடிவு கிடையாது. அதனால் இந்த மழைக்காலத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன்

மழை தொடங்குவதற்கு முன்பு லம்பா லைன் பகுதியில் டெங்கு கொசுவுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் குழாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். அதனால் வீட்டுக்கு வீடு நீல டிரம். மூடாத டிரம்மில் டார்ச் அடித்தால் கொசுப்புழு நெளியும்.

ஒரு காண்டிராக்டரின் மனைவியிடம் புழுவைக் காட்டி, டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள் என்றேன். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு டிரம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவுத்துடலாம் மேடம். குழாயில அடுத்த பானி வர்ற வரைக்கும் எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் உங்க வீட்ல வந்து குளிச்சுக்கறோம், சரியா?"

இந்த வீட்டில் என்னவோ இருக்கிறது

மழை பிடித்ததும் எலிக்காய்ச்சல் வர ஆரம்பித்தது. எலியும் மாடும் மூத்திரம் விட்ட தண்ணீரில் கால் வைத்தால், காலில் இருக்கிற சின்ன வெட்டுக்காயம் வழியாக உள்ளே இறங்குகிற நோய் இது. முதலிலேயே பிடித்தால் சாதாரண மாத்திரையில் தீரும். விட்டுவிட்டால் கண் மஞ்சளாகி, சிறுநீரகம் கெட்டு, ஆளையே கொண்டுபோய்விடும்.

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி சொல்லும் விலாசத்தை வைத்து, எங்கள் ஆபீஸ் சுவரில் இருக்கும் மேப்பில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது பிஸ்வாஸின் வேலை. வங்காளி; கெட்டிக்காரன்; என்னை அக்கா முறை வைத்து 'தீதி' என்பான். போர்ட் பிளேயருக்குள்ளேயே இருக்கிற ஷாதிபூரில் ஒரே சந்தில், ஒரே வீட்டின் மேல், அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் விழுந்தன. எங்கள் மேப்பை வைத்து உடனே முனிசிபல் ஆட்கள் போய்ச் சந்தின் சாக்கடையைத் தோண்டினார்கள். அந்த வீட்டு வாசலில் பிளீச்சிங் பவுடரை வெள்ளையாகக் கொட்டினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிஸ்வாஸ் மேப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "தீதி, இஸ் கர் மே குச் தோ ஹை." இந்த வீட்டில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

கஞ்சித் தூக்கு

அந்த வீட்டில் இருந்தது மரகதம் அக்கா. மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை, வாடகைக்கு. தையல் மெஷினை வைத்துப் பிழைப்பு. புருஷன் கப்பலில் வேலை, பாதி நாள் கடலில். நான் போனபோது தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். தங்கை புருஷன் செல்லத்துரை ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் மூன்றாவது புள்ளி அவர்தான்.

எலி தென்படுகிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. எனக்கு என்னவோ இடித்தது. காய்ச்சல் வருவதற்கு முன்னால் அந்த மூன்று பேரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். "லாங் ஐலண்ட்லதான்" என்றார். அது அக்கா பிறந்த தீவு. முதலில் தம்பி முருகேசன், பிறகு சித்தப்பா மகன், இப்போது செல்லத்துரை. மூவருமே காய்ச்சலோடு போட் ஏறி வந்தவர்கள். ஒரு ராத்திரி இந்த ஹாலில் படுத்துவிட்டு வார்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்தச் சின்னத் தீவிலிருந்து வரும் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி என்றால் மரகதம் அக்கா வீடுதான் சத்திரம்.

அப்படியானால் ஏன் ஷாதிபூர் விலாசத்தைக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். பிளீச்சிங் பவுடர் கொட்டிய மறுநாளே, மாசக் கடைசிக்குள் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னபோதுகூட அக்கா நிதானமாகத்தான் இருந்தார். தூக்கை மூடிக்கொண்டே பதில் சொன்னார்: "நாந்தான் மேடம் சொல்லச் சொன்னேன். போட்டு தினமும் கிடையாது. திடீர்னு ரத்தம் வேணும்னா லாங் ஐலண்ட்ல யாரப் போய்க் கூப்புடுவாங்க?"

ஓடைக்கரையில்

அடுத்த போட்டில் லாங் ஐலண்டுக்குப் போனேன். கடல் ஒரே கொந்தளிப்பு. படகுத்துறையில் காத்திருந்த முருகேசன் உடம்பு தேறியிருந்தார், கன்னம் மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் வேலை செய்த பாக்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மழையில் பாசி வழுக்குவதால் அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலோடு பாக்குப் பொறுக்கி, மட்டை கிழித்த காயத்தோடு வந்து ஓடையில் சேறு கழுவுகிறார்கள். ஓடையை அங்கே 'நாலா' என்பார்கள். கொஞ்சம் மேலே நடந்து பார்த்தேன். அந்த நாலாவிலேயே மாடுகள் படுத்துக் கிடந்தன. விழுந்த பாக்கை எலி கொறித்துப் போட்டிருந்தது.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன். தோட்டத்தில் இருந்தவர்களைக் கூட்டி, காயத்தோடு நாலாவில் இறங்காதீர்கள், காய்ச்சல் வந்தால் இங்கே இருக்கும் சுகாதார சப் சென்டருக்கு அன்றைக்கே போங்கள், போட்டுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முருகேசனின் போன் அடித்தது. பேசியது அக்கா. செல்லத்துரை போய்விட்டார்.

முருகேசன் நாலாக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்பவே நீங்க இங்க வந்திருந்தா, அவனுக்கு மாத்திரையிலயே போயிருக்கும் இல்ல மேடம்?"

வீட்டுக்காரர் நியாயம்

செல்லத்துரையைப் பெட்டியில் வைத்து லாங் ஐலண்டுக்கே போட்டில் கொண்டுபோனார்கள். காரியம் முடிந்ததும், பிஸ்வாஸைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் நாகலிங்கத்தைப் பார்க்கப் போனேன். நான்கு தலைமுறையாகத் தீவில் இருக்கும் குடும்பம். நல்ல மனுஷர்தான், எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். மேப்பை விரித்து, ஷாதிபூர் புள்ளிகளை அவர் கண்ணெதிரிலேயே பிய்த்து, லாங் ஐலண்டில் ஒட்டிக் காட்டினோம். இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குச் சாதாரணமாகப் பரவாது என்று தமிழில் நானும் ஹிந்தியில் பிஸ்வாஸும் சொன்னோம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேப்பை நன்றாகவே பார்த்தார். புரியாதவர் இல்லை. கீழ் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. பவுடர் கொட்டியதைப் பார்த்ததிலிருந்து, மேலே இருப்பவர்கள் போகாவிட்டால் நாங்கள் போகிறோம் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். இப்போது சாவு வேறு. அவர் மேப்பை மடித்து என் கையில் கொடுத்தார்: "தப்பு அந்த நாலா மேலன்னு புரியுதும்மா. ஆனா நாலாவக் காலி பண்ணச் சொல்ல முடியாதே. கீழ் வீட்டுக்காரனுக்கு நான் என்ன ஜவாப் சொல்றது?"

மறுபடியும் லம்பா லைன்

மழை விட்டதும் பழையபடி டார்ச்சும் கையுமாக லம்பா லைன் டிரம்களைத் தேடிப் போனேன். ஒரு தகரக் கூரை வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்தது மரகதம் அக்கா. பின்னால் தையல் மெஷின் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஷாதிபூரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே கஞ்சி கொண்டுபோனவர், இங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உட்காருங்க மேடம் என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு டீ போடப் போனார்.

வாசலில் நீல டிரம் இருந்தது. பழைய வேட்டியால் வாய் மூடி, சுற்றிலும் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே சுவரோரம் இரண்டு பாய்கள் சுருட்டி நிறுத்தியிருந்தன. நான் அவற்றையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அக்கா சொன்னார்: "ஹால் சின்னதுதான், ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். ஆஸ்பத்திரில இந்த வீட்டச் சொல்லுங்கன்னு ஊர்ல சொல்லிட்டேன். கூடவே லாங் ஐலண்டையும் சொல்லச் சொல்லியிருக்கேன் மேடம்."

எங்கள் ஆபீஸ் மேப்பில் இப்போது மூன்று புள்ளிகளும் சரியான இடத்தில் இருக்கின்றன; மரகதம் அக்காதான் இடம் மாறிவிட்டார்.