கண்ணாடி மாதிரி ஒரு பெட்ரோல் ட்யூப்

1986-ம் வருஷம், வைகாசி மாதம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக மஞ்சக்குட்டையிலிருந்து அண்ணனின் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். அண்ணி, நான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர்.

பாதி வழியிலேயே எனக்குப் பெட்ரோல் வாசனை அடித்தது. முன்னால் போகிற வண்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசை.

இரண்டு மாதத்துக்கு முன் கார்பரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ட்யூப் வெடிப்பு விட்டிருந்தது. அப்போது நான் சேலத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஊருக்கு வரும்போது துணி சுற்றிய கறுப்பு ரப்பர் ட்யூப் வாங்கிவரச் சொல்லியிருந்தார் அண்ணன். கடையிலோ கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப் பளபளவென்று தொங்கியது. உள்ளே பெட்ரோல் ஓடுவது வெளியே தெரியும், அடைப்பு வந்தால் உடனே கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியது. அதையே கேட்டேன்.

"அது தண்ணிக்குங்க. பெட்ரோலுக்கு ஆகாதுங்க" என்றார் கடைக்காரர்.

நான் கெமிஸ்ட்ரி படிக்கிறவள் என்றேன். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் பானெட்டைத் திறந்து திறந்து, தங்கச்சியின் யோசனை என்று மற்ற டிரைவர்களுக்குக் காட்டினார்.

திருவிழா அன்று கோயிலுக்குப் பக்கத்தில் அண்ணன் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பிள்ளைகள் இன்னும் இறங்கவில்லை. அண்ணி பானெட்டுக்கு நேரே நின்று, தேங்காய் மேல் கற்பூரத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். வாசனை போகவில்லை. குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் மண் நனைந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் ஊர்க்காரர்கள். அந்த ட்யூபைப் பார்த்து மெச்சிய டிரைவர்களும் நின்றார்கள். கற்பூரம் ஒரு நிமிஷம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது. அண்ணி குச்சியை உரசப் போனார்.

"பத்த வெக்காதீங்க அண்ணி. பெட்ரோல் ஒழுகுது. நான் வாங்கின ட்யூப்புதான்."

அண்ணன் முதலில் பிள்ளைகளை இறக்கித் தூரமாக நிறுத்தினார். அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார். பளபளப்பெல்லாம் போய், ட்யூப் மஞ்சளாகிக் குச்சி மாதிரி விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் பிளந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணிதான், "படிச்ச புள்ளைக்கு மூக்கு நொம்ப லேட்டாத்தான் வேலை செய்யுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாதி வழியிலேயே வாசனை தெரிந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் அதே கடைக்குப் போய், நடந்ததைச் சொல்லிக் கறுப்பு ட்யூப் கேட்டேன். கடைக்காரர் அதை வெட்டி, புது கிளிப் இரண்டும் எடுத்து வைத்து, "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. இது அச்சில் வந்தால் நான்தான் படித்துக்காட்ட வேண்டும். அந்தப் பாதி வழி வாசனையையும் விடாமல் படித்துவிட்டால்தான், நான் படித்த படிப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கிறேன்.