யார் கண்ணிலும் படாத பூனை

அரியலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அந்த மனிதர் எங்கள் பூனையை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டு, அது தன் வீட்டில் சுகமாக இருக்கிறது என்று எங்களிடம் பொய் சொன்னார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பெயரைப் போட்டால் அச்சில் வராது என்பதால் போடவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

சிமெண்டுத் தூளுக்கு ஒரு வாசனை உண்டு. மூக்குக்குள் போய்க் காய்ந்து இறுகும், தொண்டையில் சுண்ணாம்பு மாதிரி காந்தும். அந்த வாசனையோடுதான் பூனை எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அரியலூரில் சிமெண்டு லோடு ஏற்றும் லாரி ஓட்டினார். எங்கள் வீடு வேப்பந்தட்டையில். நான் ஏழாவது படித்த வருஷம், மக்காச்சோளத்தை ரோட்டோரம் கொட்டிக் காயவைக்கிற மாதங்களில், ஒரு நாள் காலை அப்பா வண்டியை வீட்டுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கியபோது அடியிலிருந்து முனகல் கேட்டது. ஸ்டெப்னி டயரின் மேல், இடுக்கில், சாம்பல் நிறத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. கையை விட்டு இழுத்தார்.

"என்னங்க அது, எலியா?" என்று அம்மா வாசலிலிருந்து கேட்டார்.

"பூனைடி. கையக் கிழிச்சிருச்சு பாரு."

நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா கத்தினார்: "ஏய், தண்ணி ஊத்திடாத! சிமிட்டி, இறுகிப் போயிடும்!" சிமெண்டை எங்கள் பக்கம் 'சிமிட்டி' என்பார்கள். பூனை அப்படியே கல்லாகிவிடும் என்று நிஜமாகவே பயந்து நான் குடத்தோடு நின்றுவிட்டேன். அம்மா தான் தைத்துக் கொடுக்கும் ரவிக்கைகளில் வெட்டி மிஞ்சிய துணியை எடுத்துக்கொண்டு வந்து, காய்ந்த துணியாலேயே தட்டித் தட்டித் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து மஞ்சள் நிறம் வந்தது. பெயரும் 'சிமிட்டி' என்றே நின்றுவிட்டது.

அம்மாவின் கையிலிருந்து நழுவிய அந்த நிமிஷமே அது தையல் மிஷினுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நாங்கள் அதை முழுசாகப் பார்த்த நேரம் குறைவு. மூட்டை ஓரத்தில் ஒரு காது தெரியும், இல்லையென்றால் வால் நுனி தெரியும். பால் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கருவாட்டுத் தலை வைத்தால், எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகு, வந்து தின்றுவிட்டு ஓடிவிடும். அம்மா சட்டம் போட்டார்: "பாக்காத. கூப்புடாத. கைய நீட்டாத. அதுவா வரும்." வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்கள் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அப்படியே எங்களோடு இருந்திருக்கும். ஆனால் தம்பிக்கு வீசிங் வந்தது. மார்பு உள்ளே வாங்கிக்கொண்டு அவன் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பெரம்பலூர் டாக்டர், வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார், பூனை என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் அதை வீட்டை விட்டு அனுப்புங்கள் என்றார்.

அப்பாவுக்கு இது பெரிய விஷயமில்லை. "மீன் மார்க்கெட்டுல எறக்கி விட்டுர்றேன். பொழச்சுக்கும்."

"எது? மனுசன் தும்முனாலே மூட்டைக்குள்ள போயிடுது, அது மார்க்கெட்டுல பொழச்சுக்குமா? நாய் ஒரு வாய்க்குப் பத்தாது. ஆள் பாத்துத்தான் குடுப்பேன். அதுவரைக்கும் புள்ளைய எங்க அண்ணன் வூட்ல விடுங்க."

தம்பி மாமா வீட்டுக்குப் போனான். அவன் அங்கே அழுதுகொண்டிருக்க, நாங்கள் பூனைக்கு வீடு தேடினோம். தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது. "என்னக்கா, உங்க பொண்ணுக்கு மாப்ள அமைஞ்சுதா?" என்று தண்ணிக் குழாயடியில் கேட்பார்கள். அம்மா அசரமாட்டார். "ரெண்டு எடம் வந்துச்சு. ரெண்டும் குடிகாரப் பய."

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பூனையை யாராவது தேடி வந்து கேட்டால், எலி தொல்லை என்று அர்த்தம். சாக்கில் போட்டு, திரும்பி வர வழி தெரியாமல் இருக்கச் சாக்கின் வாயைக் கட்டி எடுத்துப் போவார்கள். சோளம் விற்றுத் தீர்ந்ததும் அந்தப் பூனை என்ன ஆனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் வருகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டுத்தான் அம்மா நாற்காலி போட்டார்.

முதலில் வந்தவர் மக்காச்சோள மண்டி வைத்திருந்தவர். உட்காரும் முன்பே கேட்டார், "எலி புடிக்குமா?"

"மூட்டைய விட்டே வெளிய வர மாட்டேங்குது. எலிதான் இதப் புடிக்கும்."

"கயித்துல கட்டிப் போட்டா ரெண்டு நாள்ல பழகிடும்மா."

"காப்பி ஆறுது, குடிச்சுட்டுக் கெளம்புங்க."

அடுத்து வந்தது ஜமீலா அக்கா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். எங்கள் தெருவில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம்தான் தைக்கக் கொடுப்பார். சட்டத்தை யாரும் சொல்லாமலே அவர் மிஷினுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஒரு கல்யாணத்துப் பிரியாணியைத் திட்டிக்கொண்டிருந்தார். சிமிட்டி வெளியே வந்து அவருடைய முந்தானையை மோந்து பார்த்தது. நானும் அம்மாவும் மூச்சு விடவில்லை. அவர் திரும்பவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை.

போகும்போது சொன்னார்: "எனக்குக் குடுங்கக்கா. அவங்க சவுதில இருக்காங்க, வூட்ல நானும் அம்மாவும்தான், சத்தமே இருக்காது. ஆனா ஒண்ணு, இன்ஷா அல்லா எனக்கு விசா வந்துட்டா நான் போயிடுவேன். அப்ப எங்கம்மா பாத்துக்குவாங்க. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் கெட்டது. அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா சொன்னார்: "போயிடுவேன்னு இப்பவே சொல்றா. போறவளுக்கு எதுக்குப் பூனை?"

பிறகு வந்தவர்தான் ஸ்டுடியோக்காரர். தம்பியின் காதுகுத்துக்குப் படம் எடுத்த பழக்கம். அப்பா டீக்கடையில் பேச்சுவாக்கில் பூனையைப் பற்றிச் சொல்ல, அரியலூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். மடியில் கேமராவை வைத்துக்கொண்டு, அசையாமல், அரைப்பொழுது உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு சிமிட்டி வெளியே வந்து மிஷின் மிதிக்குப் பக்கத்தில் நின்றபோது சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்தார்.

அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. "என்னா பொறுமை பாத்தியா?"

"தூண்டி போடுறவன்கூடப் பொறுமையாத்தான் உக்காந்திருக்கான்" என்றார் அம்மா. ஆனாலும் கேட்டார், "நீங்க எங்கயும் வெளிநாடு, வெளியூருன்னு போயிட மாட்டீங்களே?"

"நான் எங்கக்கா போவப் போறேன்? சாவுற வரைக்கும் அது எங்கூடத்தான்."

இந்தப் பதிலில்தான் நாங்கள் விழுந்தோம். உள்ளதைச் சொன்னவரை விட்டுவிட்டு, கேட்க நன்றாக இருந்ததைச் சொன்னவரிடம் கொடுத்தோம். சாக்கில் கட்டக்கூடாது என்று அம்மா மூடி போட்ட கூடை ஒன்று வாங்கி, பழைய ரவிக்கைத் துணியை அடியில் விரித்து அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து நானும் அம்மாவும் பெரம்பலூர் போய்ப் பஸ் மாறி அரியலூர் போனோம். ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே அவர் வீடு. பையில் கருவாடு. வாசலிலேயே எதிர்கொண்டு, விரலை வாயில் வைத்தார். "மெதுவாப் பேசுங்கக்கா. கட்டிலுக்கு அடியில இருக்கு. இப்பதான் பழகுது. நீங்கதான சொன்னீங்க, பாக்கக் கூடாது, கூப்புடக் கூடாதுன்னு?"

நாங்கள் பார்க்கவில்லை. கூப்பிடவில்லை. எங்கள் சட்டத்துக்கே கட்டுப்பட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது பரண் மேல் இருக்கிறது என்றார். மூலையில் கிண்ணத்தில் பால் இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படும் பூனையைப் போல வசதி ஒரு ஏமாற்றுக்காரனுக்கு வேறு கிடையாது. இருக்கிற பூனையும் கண்ணில் படாது, இல்லாத பூனையும் கண்ணில் படாது.

ஸ்டுடியோவுக்கு யாரோ வர, அவர் முன்பக்கம் போனார். அதுவரை அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி அம்மாவிடம் வந்தார். "அக்கா, அடுத்த தடவ வரும்போது கருவாடு எடுத்துட்டு வராதீங்க."

"ஏம்மா?"

"வீணாப் போவுது."

அவ்வளவுதான் சொன்னார்.  அம்மா ஸ்டுடியோவுக்குள் போய் நேராகவே கேட்டார், "பூனை எங்கங்க?"

"பரண்லதாங்க்கா."

"ஏணி போடுங்க. எம் பொண்ணு ஏறிப் பாத்துட்டு எறங்கிடுவா."

"பயந்துடும்க்கா. பொறுமை வேணும். நீங்களே அவசரப்பட்டா எப்படி?" எதிரில் நின்ற ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "பூனைய ஆஸ்டல்ல சேத்துட்டு வாரா வாரம் பாக்க வராங்க." அவர்களும் சிரித்தார்கள். அப்பா கூட வராமல், கருவாட்டுப் பையோடு வந்த பொம்பளையும் சின்னப் பெண்ணும் வேறென்ன செய்ய முடியும்?

வெளியே வந்து அந்தத் தெருவின் பின்பக்கம், முள்வேலி, பாழ்மனை, கோழி இறைச்சிக் கடைக்குப் பின்னால் என்று தேடினோம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பூனையை நாங்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் குரலுக்கு அது வந்ததே இல்லை. கூப்பிடாமலே வளர்த்த உயிரை எப்படிக் கூப்பிட்டுத் தேடுவது? "சிமிட்டி" என்று நான் கத்தினேன். கொத்தனார் வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்து, "எத்தன மூட்டை வேணும் பாப்பா?" என்றார். அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்.

அப்பாவிடம் சொன்னோம். "ஒரு பூனைக்காக அவர்கூடச் சண்டை போடச் சொல்றியா?" என்றார். கையில் ஆதாரமும் இல்லை. தம்பி வீட்டுக்கு வந்தான், மக்காச்சோளம் விற்றுத் தீர்ந்தது, ஜமீலா அக்காவைப் பார்த்தால் அம்மா பேச்சை மாற்றுவார். அந்த அக்காவுக்கு இன்றுவரை விசா வரவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? போன மாதம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. பள்ளிக்கூட விழா மேடை. தலை நரைத்து, கழுத்தில் துண்டோடு அதே ஸ்டுடியோக்காரர். இப்போது அவர் பிராணிகள் மேல் பிரியமுள்ளவர் என்று பெயர் எடுத்துவிட்டார். மாவட்டம் முழுக்கப் பேசக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத பூனை, நாயை வாங்கி, நல்ல இடம் பார்த்துக் கொடுக்கிறாராம். அதற்கு ஒரு வாட்ஸப் குழு வேறு. மைக்கில் சொல்கிறார்: "பயந்த பூனை ஒண்ண எடுத்து வளத்தேன் பிள்ளைங்களா. பொறுமை வேணும். பதினாலு வருசம் இருந்துச்சு. கடைசி மூச்ச என் மடியிலதான் விட்டுச்சு." பின்னால் திரையில் ஒரு படம். எங்கள் சிமிட்டி. ஓரத்தில் பாதி தெரிவது எங்கள் அம்மாவின் தையல் மிஷின் மிதி.

பதினாலு வருஷம் வளர்த்தவரிடம், எங்கள் வீட்டில் எடுத்த அந்த ஒரு படம்தான் இருக்கிறதா? படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் இவர்.

அவர் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்தக் கட்டில் இல்லை, பரண் இல்லை. அப்பாவின் லாரி பழைய இரும்பாகப் போய்விட்டது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் மிஷினை விற்றுவிட்டோம். போய்ப் பார்த்து உறுதி செய்ய ஒரு இடமும் மிச்சமில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவர்தான்.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அந்தப் பூனை உண்மையிலேயே பரணிலிருந்து இறங்கி, வருஷங்கள் கழித்து அவர் மடிக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் இருக்க முடியாது, அவர் வாசலில் போய் நின்று மன்னிப்பும் கேட்பேன். ஆனால் இன்றைக்கும் யார் யாரோ, வீசிங் வந்த பிள்ளையையும் மூட்டைக்குப் பின்னால் பதுங்கும் பூனையையும் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள், அவரை நம்பிக் கூடையை நீட்டுகிறார்கள். 'நல்ல இடத்தில் இருக்கிறது, இப்போது பார்க்க வராதீர்கள், பயந்துவிடும்' என்று அவர்களுக்கும் பதில் வருகிறது. அந்தக் குழுவில் நானே கண்ணால் பார்த்தேன். நான் ஒரு கேள்வி கேட்டேன், அன்றைக்கே என்னை நீக்கிவிட்டார்கள்.

ஐயா, எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசாதீர்கள். அடுத்த பள்ளிக்கூட மேடையில், அந்தப் பிள்ளைகளும் உங்களிடம் பூனை கொடுத்தவர்களும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கை வாங்கி இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: எங்கள் பூனையை எந்த ஊரில், எந்த இடத்தில் இறக்கிவிட்டீர்கள்? இறக்கிவிடவில்லை என்றால், உங்கள் வீட்டில் எடுத்த ஒரே ஒரு படத்தை அந்தத் திரையில் காட்டுங்கள்.