சாத்தான் வேலை போன பீலிக்ஸ்

பீலிக்ஸ் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், ஐரோப்பிய வழிவந்தவர். வாவிக்கரையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். ஆள் நல்ல கறுப்பு. கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் காலம் வந்தால் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாத்தானாகிவிடுவார். தேவாலய நாடகத்தில் ஏரோது மன்னனின் காதில் அவர் ஓதுகிற பொல்லாத வசனத்தைக் கேட்கவென்றே ஆரையம்பதியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

அந்த வேடத்துக்கு அவர் எப்படித் தெரிவானார் என்பதில் மர்மமில்லை. முன்பு சாத்தானுக்குக் கரி பூசினார்கள். இவர் வந்தபின் கரி மிச்சம். சம்மனசுகளாக, அதாவது தேவதூதர்களாக, வரும் பிள்ளைகளுக்கோ டின் டின்னாகப் பவுடர். மோட்சம் வெள்ளை, நரகம் கறுப்பு. இந்த அநியாயத்தைப் பக்தி என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாக ஊட்டியிருக்கிறார்கள். பீலிக்ஸுக்கு அதில் கவலையில்லை. மேடை கிடைத்தது, போதும்.

சென்ற வருடம் மெல்பேர்னிலிருந்து திரும்பிய நைஜல் நாடகக் குழுவின் தலைவரானான். முதல் கூட்டத்திலேயே, "கறுப்பைத் தீமையெண்டு காட்டுறது பிழை. மனுசரை நோகடிக்கும்" என்றான். சரியான பேச்சு. கைதட்டியவர்களில் பீலிக்ஸும் ஒருவர்.

அப்படியானால் சாத்தானுக்கு என்ன நிறம்? பச்சை என்றால் காத்தான்குடி முஸ்லிம்கள் முகம் சுளிப்பார்கள். காவி என்றால் கோயில்காரர். மஞ்சள் என்றால் புத்த விகாரை. நீலம் மாதாவின் முக்காடு. கடைசியில் சாத்தானுக்கு உருவமே வேண்டாம், ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரட்டும் என்று முடிவானது. குரலை நைஜலே தருவானாம். நிறத்தை நீக்கினார்கள், கூடவே ஆளும் போனார்.

"அப்ப நான்?" என்றார் பீலிக்ஸ்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள். உங்களுக்காகத்தானே இதைச் செய்யிறம்."

வீட்டில் மனைவி பியட்றிஸ் வெடித்தாள். "உங்கட மரியாதையைக் காப்பாத்த உங்களையே வெளியால போட்டுட்டானுகளா? நல்லா இருக்கு மேன்! போய்க் கபிரியேல் சம்மனசு வேசத்தைக் கேளுங்க."

கேட்டார். ஒப்பனை செய்யும் டெனீஸ்தான் மெல்ல, "கபிரியேல் எண்டா... கொஞ்சம் வெளிச்சமா இருக்கணுமே அங்கிள்" என்றாள்.

"லைட்டைப் போடு பிள்ள. நான் என்ன இருட்டுலயா நிக்கப்போறன்?"

நைஜலால் மறுக்க முடியவில்லை. நியாயம் பேசியது அவன் வாய்தானே.

நாடகத்தன்று டெனீஸ் பவுடர் டின்னோடு வந்தாள். பீலிக்ஸ் அவள் கையைத் தடுத்தார்.

"சாத்தானா நிண்ட வருசமெல்லாம் ஒண்டும் பூசல்ல. என்ட சொந்த மூஞ்சி நரகத்துக்குக் காணும், மோட்சத்துக்குக் காணாதா?"

"எல்லாச் சம்மனசுக்கும் பூசித்தானே அங்கிள் இருக்கு."

"அப்ப எல்லாருக்கும் துடைச்சு விடு!"

இந்த இழுபறியில் திரை விலகிவிட்டது. இறக்கையோடு பீலிக்ஸ், பவுடர்ப் பஞ்சோடு டெனீஸ், முழங்காலில் மரியாள். "மரியாளே, அஞ்சாதே!" என்று பீலிக்ஸ் பழைய பழக்கத்தில் உறுமினார். மரியாள் உண்மையாகவே அஞ்சி, டெனீஸின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் நைஜல் முகநூலில் படத்தைப் போட்டு, 'எங்கள் முதலாவது கறுப்புச் சம்மனசு' என்று பெருமையாக எழுதியிருந்தான். பீலிக்ஸ் கிரீஸ் கையோடு அவன் வீட்டுக்கே போய்விட்டார்.

"ஆருடா கறுப்பு? நாங்க போர்த்துக்கேய வம்சம் மேன்! 'சம்மனசு பீலிக்ஸ்' எண்டு மட்டும் போடு."

நைஜல் அழித்து எழுதினான். அடுத்த நத்தாருக்கும் கபிரியேல் தான்தான் என்று அவனிடம் வாக்கு வாங்கிய பிறகே பீலிக்ஸ் பட்டறைக்குத் திரும்பினார்.