முத்துப்பேட்டை எந்த மாவட்டம்?

ஒரு கை பைண்டு செய்த பழைய ஆய்விதழ்த் தொகுதியின் முதுகைத் தாங்கிக்கொள்ள, மறு கை பொருளடக்கப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. தலைப்புக்குத் தலைப்பு விரல் நின்று நகர்ந்தது.

“இதுலயும் இல்லம்மா,” என்று தொகுதியை மூடினார் கமருன்னிஸா.

எதிரே நின்ற சுடர்விழிக்கு முகம் வாடிவிட்டது. தன் ஊரான முத்துப்பேட்டையின் வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆய்வு செய்பவள். அந்த உப்பை முதலில் அளந்த பழைய கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்; தலைப்பைக் கொடுக்காமல் ஆளுக்கொரு ஆண்டு போட்டிருந்தார்கள். மூலத்தைப் பார்க்காமல் அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் வெளிநாடு கிளம்புகிறார். கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வேட்டை இந்த வருஷம் கொடுக்க முடியாது.

கமருன்னிஸா குத்தாலத்துக்காரர். தஞ்சாவூரில் இந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்தவர். ஒட்டிய பெயர்களைப் படித்துப் படித்தே இதழ்களைப் பழகிக்கொண்டார். ‘இல்லை’ என்று சொல்ல அவருக்குச் சுலபத்தில் வாய் வராது.

நூலகத்தின் கட்டுரை அட்டவணை மாவட்டவாரியானது. கணினியில் திருவாரூர் என்று போட்டு இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தும் கிடைக்காமல்தான் தொகுதிகளில் இறங்கியிருந்தார்கள்.

“எங்க ஊரை யாரும் சீந்தலபோல,” என்று சலித்துக்கொண்டாள் சுடர்விழி. “எங்கப்பா வேற, இன்னமும் தஞ்சாவூர் ஜில்லாக்காரன்னு மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியறாரு.”

கமருன்னிஸாவின் கை நின்றது.

“அட அல்லாவே! இந்தக் கட்டுரை வந்தப்ப ஏதும்மா திருவாரூர் மாவட்டம்? எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாதானே. குத்தாலமும் அதுலதான் இருந்துச்சு, எனக்கே தோணல பாரு.”

தஞ்சாவூர் என்று போட்டதும் டெல்டா முழுக்க வந்து விழுந்தது. பொறுமையாக இறங்கி வந்தார்கள். ‘கடலோரத் தாலுகாக்களின் மண்’ என்ற தலைப்பில் அந்தக் கட்டுரை உட்கார்ந்திருந்தது.

தொகுதி அடித்தட்டில் கிடைத்தது. ஆனால் உப்பு அளவு அட்டவணையின் கடைசி நெடுவரிசை பைண்டுத் தையலுக்குள் மாட்டியிருந்தது.

“போன்ல எடுத்துக்கிறேங்க்கா, நேரமாச்சு.”

“இரும்மா. நீ தேடி வந்ததே இந்த மடிப்புக்குள்ளதான் இருக்கு.”

தாள் கிழியாமல் கட்டைவிரலால் நீவி நீவி விரித்து, ஸ்கேனரில் அழுத்திப் பிடித்தார். முதல் பிரதியில் ஓரம் மங்கியது. மறுபடி எடுத்தார். கடைசி எண்ணும் தெளிவாக விழுந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தார். பக்க வரிசையைச் சரிபார்த்து, முதல் தாளின் தலையில் தொகுதியும் ஆண்டும் பென்சிலால் எழுதினார்.

“ஆண்டு இதுதான். மத்தவங்க போட்டதை நம்பாத. உங்கப்பாகிட்டயும் சொல்லிடு, மீசைக்கு மரியாதை வந்துடுச்சுன்னு.”

சிரித்துக்கொண்டே, இன்னும் சூடு ஆறாத தாள்களுக்குக் கிளிப் போட்டு நீட்டினார். சுடர்விழி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.